வெள்ளையடித்த மண்சுவர்

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டரைத் திறக்கப்போகும் யாருக்கும் முதல் பயம் உள்ளே இருக்கும் சிப்புகளையும் வயர்களையும் நினைத்துத்தான் வரும். முப்பது, நாற்பது வருடம் கடந்த இயந்திரத்தில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைப்போம். நம் கையில் முதலில் முறியப்போவது மேல்மூடியின் கிளிப். அடுத்தது ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் குழல். போன சிப்புக்கு மாற்று சிப் பல நேரம் கிடைத்துவிடும், முறிந்த மூடிக்கு மாற்று மூடி கிடைப்பது அரிது. அதனால் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, இந்த பிளாஸ்டிக் ஏன் இப்படி ஆகிறது, அதை எப்படித் திறப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. சிமெண்ட் ஷீட் போட்ட கூரைக்கு அடியில் பரணில் கிடக்கும் பெட்டி அதையும் விடச் சூடாக இருக்கும். வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வேதியியலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஐரோப்பாவில் குளிர்ந்த அறையில் இருபது வருடம் இருந்த கம்ப்யூட்டரையும் நம் பரணில் இருபது வருடம் இருந்த கம்ப்யூட்டரையும் ஒரே வயதாகக் கணக்கிட முடியாது.

எந்த இயந்திரங்களைச் சொல்கிறோம்? மத்திய அரசு 1984-85இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது வந்தவை பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள். பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த இந்த இயந்திரத்தில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அரசுக் கணக்கின்படி மொத்தம் 12,000 கம்ப்யூட்டர்கள் மாநிலங்கள் வழியாகப் பள்ளிகளுக்குப் போயின. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதே இயந்திரத்தை உரிமம் பெற்று ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது. புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் இயந்திரத்தை இங்கே கொண்டுவந்தது. பிறகு 90களில் ஆடிட்டர் அலுவலகம், அரிசி மண்டி, டைப்பிங் இன்ஸ்டிட்யூட் என்று எல்லா இடத்துக்கும் 386, 486 பெட்டிகள் வந்தன. இவற்றில் பலவற்றின் மேலுறையோ முன்முகமோ ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். நம் கதாநாயகன் அதுதான்.

ஏபிஎஸ் ஒரே பொருளால் ஆனதல்ல. அதன் உடம்பு கண்ணாடி போல விறைப்பான ஒரு பிளாஸ்டிக். அது தனியாக இருந்தால் தட்டினாலே உடைந்துவிடும். அதனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன ரப்பர் துகள்களைக் கலந்துவிடுகிறார்கள். நம் கிராமத்தில் மண்சுவர் வைக்கும்போது களிமண்ணோடு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பார்கள் அல்லவா, அதே வேலைதான். வெறும் மண் காய்ந்தால் விரிசல் மேலிருந்து கீழ் வரை ஓடிவிடும். வைக்கோல் இருந்தால், ஓடும் விரிசல் அங்கங்கே இடறி நின்றுவிடும். ஏபிஎஸ்ஸில் வைக்கோலின் இடத்தில் இருப்பது ரப்பர். அந்த ரப்பரின் பெயர் பியூட்டாடையீன், ஏபிஎஸ் என்ற பெயரில் நடு எழுத்து அதைத்தான் குறிக்கிறது.

இந்த ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அதன் மூலக்கூறுகளை எளிதில் தாக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும் அந்தத் தாக்குதலை விரைவாக்கும். தாக்கப்பட்ட ரப்பர் இழுபடும் தன்மையை இழந்து விறைத்துப்போகும். இது வெளிப்பரப்பில் தொடங்குகிறது. கெட்டுப்போன அடுக்கு மெல்லியதுதான். ஆனால் விரிசல் பிறப்பது அந்தப் பரப்பில்தான். ஒருமுறை பிறந்துவிட்டால் அது நல்லதாக இருக்கும் உட்பகுதிக்கும் பாய்ந்து போகும். மண்சுவருக்குள் வைக்கோலைக் கரையான் தின்றுவிட்டால் சுவர் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் நிற்கும், யாராவது சாயும் வரைக்கும்.

இனி, பழைய கம்ப்யூட்டரைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். மஞ்சளாகிவிட்ட பெட்டி முறியும், வெள்ளையாக இருக்கும் பெட்டி முறியாது என்று நினைக்கிறோம். அதிலிருந்தே இன்னொன்றும் பிறக்கிறது: மஞ்சளைப் போக்கிவிட்டால் பிளாஸ்டிக் மறுபடி பலமாகிவிடும். இரண்டும் சரியல்ல. இந்த இரண்டால்தான் நிறைய மூடிகள் முறிந்திருக்கின்றன என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு பழைய கீபோர்டை எடுத்துப் பாருங்கள். பல கீபோர்டுகளில் நீளமான ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாக இருக்கும், எழுத்துக் கட்டைகள் வெள்ளையாகவே இருக்கும். எல்லாம் ஒரே மேசையில், ஒரே வெயிலில் கிடந்தவைதான். எழுத்துக் கட்டைகள் பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக்கால் ஆனவை. அது அச்சில் ஆறும்போது கொஞ்சம் சுருங்கிக் கோணும் என்பதால் நீளமான ஸ்பேஸ் பாரை மட்டும் ஏபிஎஸ்ஸில் வார்ப்பார்கள். அப்படியானால் நிறம் நமக்குச் சொல்வது பெரும்பாலும் அது என்ன பிளாஸ்டிக், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைத்தான். மஞ்சளுக்குக் காரணம், தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் புரோமினே இல்லாத ஏபிஎஸ்ஸும் மஞ்சளாகிறது, ஆக்சிஜன் ஏறிய பிளாஸ்டிக்கே நிறம் மாறுகிறது. நிறம் தரும் மாற்றமும் பலத்தைக் குறைக்கும் மாற்றமும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன, ஆனால் ஒரே அளவில் நடப்பதில்லை. நன்றாக மஞ்சளான பிபிசி மைக்ரோவின் தடித்த மூடி இன்னும் உறுதியாக இருக்கலாம். ஆப்பிள் நிறுவனம் 90களின் நடுவில் செய்த சில மெக்கின்டாஷ் பெட்டிகளோ நிறம் அதிகம் மாறாமலே, கை பட்ட இடமெல்லாம் உதிர்வதில் பேர் பெற்றவை. கறுப்பு லேப்டாப்பில் மஞ்சள் என்ற எச்சரிக்கைகூட நமக்குக் கிடையாது.

இப்போது அந்தத் தவறான எண்ணத்தின் இரண்டாவது பாதி. 2008 வாக்கில் ஐரோப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால் மஞ்சள் போகிறது என்று கண்டுபிடித்து அதற்கு ‘ரெட்ரோபிரைட்’ என்று பெயர் வைத்தார்கள். நிறத்தைப் பொறுத்தவரை இது வேலை செய்கிறது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீத பெராக்சைடும் மொட்டை மாடி வெயிலும் போதும். ஆனால் பெராக்சைடு செய்வது பரப்பில் நிறம் தரும் மூலக்கூறுகளை வெளுக்க வைப்பது மட்டுமே. விறைத்துப்போன ரப்பரை அது பழையபடி இளக்குவதில்லை. கரையான் தின்ற சுவருக்கு வெள்ளையடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், வைக்கோல் திரும்பி வராது. வெளுத்த பெட்டி சில வருடங்களில் மறுபடி மஞ்சளாவதும் உண்டு, இருட்டில் வைத்திருந்தாலும்கூட. நம் மாடி வெயிலில் மெல்லிய மூடி கோணிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. நிறம் வேண்டும் என்பவர்கள் எல்லாப் பழுதையும் முடித்துவிட்டுக் கடைசியில், கையுறை போட்டுக்கொண்டு, மிதமான வெயிலில் செய்யட்டும். வெளுத்த பிறகு ‘இனி பயமில்லை’ என்று கிளிப்பை நெம்புவதுதான் கூடாது.

திறப்பதற்கு முன் மின்சாரம். பரணிலிருந்து இறக்கியதும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று பிளக்கைச் செருகும் ஆசையை அடக்க வேண்டும். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளைக்குள், மெயின்ஸ் இரைச்சலை வடிகட்டும் காகித மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் ஒளி ஊடுருவும் உறையும் வயதாகி நுண்ணிய விரிசல் விடும். விரிசல் வழியே ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே போகும். பிளக்கைப் போட்டதும் சில நேரம் ஓரிரு நிமிடத்திலேயே அறை முழுக்கப் புகை. அவற்றை முதலில் மாற்றிவிடுவதே வழக்கம். 230 வோல்ட் மின்சாரம் பவர் சப்ளைக்குள் நேர்மின்னாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது பெரிய மின்தேக்கியில் கொஞ்ச நேரம் தங்கும். பிக்சர் டியூப் உள்ள மானிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கலாம், டியூபின் கழுத்தும் மிக மெல்லியது. மானிட்டரை மட்டும் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே திறப்போம்.

அடுத்தது அறை. நல்ல வேலை என்றால் ஏசி அறையில் செய்ய வேண்டும் என்று தோன்றும். இங்கே அது தலைகீழ். விறைத்த பிளாஸ்டிக் குளிரில் இன்னும் விறைக்கும், வெதுவெதுப்பில் கொஞ்சம் இணங்கும். 22 டிகிரி ஏசி அறையில் பட்டென்று முறியும் கிளிப், திருப்பதியின் சாதாரண மே மாத மதியத்தில் மின்விசிறிக்கு அடியில் தப்பித்துவிடலாம். மார்கழியில் செய்தால், ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து அந்தப் பகுதியைத் தொட்டால் சூடு தெரிகிற, ஆனால் கையை எடுக்கத் தோன்றாத அளவுக்குச் சூடாக்கினால் போதும். ஏபிஎஸ் நிஜமாக இளகுவது சுமார் 105 டிகிரியில். நாம் அங்கே போகவே கூடாது, கிளிப்பை இளக்குவது நம் நோக்கமில்லை, கொஞ்சம் பொறுமை கொள்ள வைப்பதுதான்.

பிறகு ஸ்க்ரூக்கள். முறிவுகளில் பெரும்பங்கு, கவனிக்காமல் விட்ட ஒரு ஸ்க்ரூவால் வருவது. எல்லாம் கழற்றியாயிற்று என்று நினைத்து மூடியை இழுப்போம், லேபிளுக்கு அடியிலோ ரப்பர் காலுக்கு அடியிலோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். லேபிள் மேல் விரலால் மெல்ல அழுத்தித் தடவினால் குழி தெரியும். ஸ்க்ரூவைத் திருப்பும் முதல் கால் சுற்றுதான் ஆபத்தானது. பிளாஸ்டிக் குழலுக்குள் நேராக வெட்டிக்கொண்டு இறங்கிய ஸ்க்ரூ, இத்தனை வருடமும் அந்தக் குழலை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பித்தளைச் செருகல் வைத்த குழலிலும் அதே கதைதான். ஸ்க்ரூ டிரைவரின் முனை தலையில் சரியாக உட்கார வேண்டும், கை நேராக நிற்க வேண்டும். இறுகியிருந்தால் ஸ்க்ரூ தலையைச் சால்டரிங் அயர்ன் நுனியால் சில நொடி மட்டும் சூடாக்கிவிட்டு முயலலாம். துரு விடுவிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் ஸ்க்ரூ இறுக்கும் பசையும் மட்டும் பிளாஸ்டிக் பக்கம் வரவே கூடாது. ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் மேல் அப்படிப்பட்ட திரவம் பட்டால், யாரும் தொடாமலே விரிசல் விடும்.

இப்போது கிளிப். இதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை, பயப்பட வேண்டாம். கிளிப் வளையும்போது அதன் அடிப்பகுதியில் பிளாஸ்டிக் எவ்வளவு நீள்கிறது என்பதுதான் அதன் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்த நீட்சி கிளிப்பின் தடிமனுக்கும் நாம் விலக்கும் தூரத்துக்கும் ஏற்ப ஏறும், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கிளிப்பை 1.5 மில்லிமீட்டர் விலக்கினால் அடியில் பிளாஸ்டிக் சுமார் 4.5 சதவீதம் நீள்கிறது. புதிய ஏபிஎஸ் இதைத் தாங்கும். வயதானது தாங்காது. அதே கிளிப் 20 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் நீட்சி ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

இந்தக் கணக்கு ஒரு வேலை நுணுக்கத்தைத் தருகிறது. குட்டையான கிளிப்பை வளைக்காதீர்கள். அது கொக்கி போட்டிருக்கும் எதிர்ச் சுவர் நீளமானது. அந்தச் சுவரை வெளியே தள்ளினால் அதே 1.5 மில்லிமீட்டர் விலகல் நீண்ட தூரத்துக்குப் பரவிவிடும், எந்த ஓர் இடத்திலும் நீட்சி அதிகமாகாது. இதற்கு இரும்புத் திருப்புளி வேண்டாம், அது ஒரே புள்ளியில் அழுத்தும். காலாவதியான ஏடிஎம் கார்டுகள் சில போதும். ஒரு கார்டை இடுக்கில் நுழைத்து, மெல்ல நகர்த்தி, தடுக்கும் இடத்தில் கிளிப் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு கார்டாகச் செருகினால் சுவர் தானாக விலகும். விடுபட்ட கிளிப் மறுபடி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கார்டுகளை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம்.

எல்லாப் பெட்டியும் இவ்வளவு பாடுபடுத்தாது. பிபிசி மைக்ரோவின் மூடியைப் பிடித்திருப்பவை நான்கு ஸ்க்ரூக்கள்: பின்னால் இரண்டு, அடியில் முன்பக்கம் இரண்டு. அவற்றின் பக்கத்தில் ‘ஃபிக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். கழற்றினால் மூடி நேராக மேலே வந்துவிடும். என்றாவது ஓர் ஆசிரியர் பள்ளியிலேயே திறக்க நேரும் என்று எண்ணிப் பார்த்துச் செய்தது போல இருக்கிறது அந்த வடிவமைப்பு. கீபோர்டுக்கு மேலே காகிதக் குறிப்பைச் செருகி வைக்கும் ஒளி ஊடுருவும் பட்டை ஒன்று உண்டு, அதை மட்டும் கை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் வேறு மாதிரி. ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்பாதியைப் பட்டென்று தூக்கினால் கதை முடிந்தது. கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளிலிருந்து இரண்டு நாடாக்கள் கீழ்ப்பாதியில் உள்ள போர்டில் செருகப்பட்டிருக்கின்றன. அவை காய்ந்து போயிருக்கும். மடிந்த இடத்தில் முறிந்தால் அந்த வரிசையில் உள்ள எழுத்துகள் வேலை செய்யாது. அதனால் மேல்பாதியைச் சில விரற்கடை மட்டும் உயர்த்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நாடாக்களைச் செருகிய இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். இது தனியாள் வேலையில்லை.

90களின் அலுவலகக் கம்ப்யூட்டரில் இரும்புப் பெட்டி இருக்கும், முன்முகம் மட்டும் பிளாஸ்டிக். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பென்டியம் காலத்தின் முதல் பாதி வரை வந்த பல பெட்டிகளில் முன்னால் உள்ள பவர் பொத்தானுக்கு 230 வோல்ட் நேராக வருகிறது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் அப்படிக் கிடையாது. முன்முகத்தின் கிளிப் முறிந்து பொத்தான் தொங்கினால், அந்த வயரின் இணைப்பு இரும்பில் உரசலாம். பிளக்கைப் பிடுங்காமல் முன்முகத்தைத் தொடவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது முறியும். முறிந்த துண்டைத் தூக்கி எறியாமல் ஒரு பாலிதீன் கவரில் போட்டு, எந்த இடத்துத் துண்டு என்று எழுதி வையுங்கள். விறைத்த பிளாஸ்டிக் நீளாமல் முறிவதால் இரண்டு முகங்களும் அச்சாகப் பொருந்தும், ஒட்டுவதற்கு அது வசதி. ஃபெவிக்விக் துண்டுகளைச் சரியான இடத்தில் நிறுத்தத்தான். அதுவே விறைப்பான பசை, கிளிப்பின் வளைவைத் தாங்காது. ஏபிஎஸ்ஸை அசிட்டோன் கரைக்கும். பழைய ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கிடைக்கும் கூழ், உள்பக்கம் பூசினால் இரண்டு துண்டையும் ஒரே பொருளாக்கிவிடும். வெளிப்பரப்பில் ஒரு சொட்டு விழுந்தாலும் தழும்பு நிரந்தரம், அதனால் தீக்குச்சி நுனி அளவே எடுப்போம், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரத்தில் செய்வோம். விரிந்த ஸ்க்ரூ குழலுக்கு நான் நம்பும் வைத்தியம் தையல் நூல்: குழலைச் சுற்றி நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே அரால்டைட் பூசி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். வெளியே தள்ளும் ஸ்க்ரூவை அந்த நூல் வளையம் பிடித்துக்கொள்கிறது.

மூடும்போது ஸ்க்ரூவைக் குழலில் வைத்து முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ‘டிக்’ என்று கீழே இறங்கும். பழைய மரையில் அது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் இறுக்கினால் புதிய மரை வெட்டாது, குழலுக்கு வேலை குறையும். தலை தொட்டதும் நிறுத்திவிடலாம். முறியக்கூடிய கிளிப்பை மறுபடி மாட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஸ்க்ரூக்கள் மூடியைப் பிடித்தால் அதுவே போதும்.

பிறகு அது மறுபடி பரணுக்குப் போக வேண்டாம். வீட்டின் உள்ளறையில், தரையை ஒட்டிய அலமாரித் தட்டில் வைத்தால் ஷீட் கூரையின் சூடும் எட்டாது, வெயிலும் படாது. பவர் கேபிளைக் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கட்டி வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கேபிளின் உறை பிவிசி. அதை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஏபிஎஸ்ஸில் இறங்கி, வருடக்கணக்கில் ஒரு வாய்க்கால் போன்ற தடத்தையே அரித்துவிடும். கேபிளைக் கழற்றித் தனியாகச் சுருட்டி ஒரு மஞ்சப் பையில் போட்டு, கம்ப்யூட்டரின் மேல் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள்.